பெரும் தரவும் சிறு நினைவகமும்: தூரத்துச் சேர்வரில் ஒரு மழைப்படம்

சம்மாந்துறையில் என் மாமா ஒருவருக்கு ஆறு ஏக்கர் வயல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், முற்றிய கதிர் மழையில் சாய்ந்து கிடந்தது. வரம்பில் நின்றபடி அவர் என்னிடம் கேட்டார்: "மருமகன், எங்கட சின்ன வயசில தை பொறந்தா மழை ஓய்ஞ்சிரும். இப்ப அறுக்கப் போற நேரத்திலதான் ஊத்துது. இது மெய்யா, இல்லாட்டி எனக்கு வயசு போனதால அப்பிடித் தோணுதா? ஒங்கட கம்பியூட்டர்ல இதப் பார்க்க ஏலாதா?"

ஏலும் என்று சொல்லிவிட்டேன். சொல்வது லேசு. அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றப் போய், இன்னொருவருடைய இரண்டு நாள் உழைப்பை நான் அழித்தேன். அது எப்படி நடந்தது, நடக்காமல் எப்படித் தடுத்திருக்கலாம் என்பதைத்தான் இங்கு எழுதுகிறேன். நமது பிள்ளைகள் பலர் இன்று ஆய்வுக்காகப் பெரிய தரவுத்தொகுதிகளைக் கையாள்கிறார்கள். சொந்த மடிக்கணினி போதாமல் பல்கலைக்கழகச் சேர்வர்களில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படலாம்.

முதலில் தரவைப் பற்றி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் இருக்கும் காலநிலை ஆபத்துகள் மையம் 'சேர்ப்ஸ்' என்ற மழைத் தரவை இலவசமாக வெளியிடுகிறது. செய்மதிப் படங்களில் தெரியும் குளிர்ந்த மேகங்களிலிருந்து பெறும் மதிப்பீட்டையும், தரையிலுள்ள மழைமானிகளின் அளவையும் கலந்து தயாரிக்கப்படுவது அது. 1981ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் உண்டு. தென் அகலாங்கு 50 பாகையிலிருந்து வட அகலாங்கு 50 பாகை வரை, பூமியை 0.05 பாகைச் சதுரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நமது பகுதியில் ஒரு சதுரம் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீற்றர் நீளம், அதே அளவு அகலம். மாமாவின் வயலும் பக்கத்து வட்டைகளும் ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும்.

இதை வீட்டிலிருந்து இறக்க என்னுடைய டேட்டா பெக்கேஜ் இடங்கொடுக்காது. எனவே ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்வரில் கணக்கு வாங்கி, தரவை நேரே அங்கேயே இறக்கினேன். வீட்டிலிருந்து அதனுள் நுழைந்து கட்டளை கொடுப்பேன், அது தூரத்தில் வேலை செய்யும். அதன் நினைவகம் 64 ஜிபி. என் மடிக்கணினியில் இருப்பது 8. பெரிய மாளிகைக்குள் குடிவந்த மாதிரி ஒரு நினைப்பு எனக்கு. அந்த மாளிகையில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பது மூளைக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரியவில்லை.

ஓர் ஆண்டின் கோப்பு வன்தட்டில் ஏறக்குறைய 1 ஜிபிதான் இருந்தது. 64 ஜிபி நினைவகத்துக்கு 1 ஜிபி எம்மாத்திரம்? நான் மட்டுமல்ல, புதிதாக வரும் எல்லோரும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

நெல்லுக் காயப்போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்குவது கஷ்டமில்லை. ஸ்டோரில் அடுக்கி வைத்த மூட்டைகள் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். அதே நெல்லைத் தளத்தில் கொட்டிப் பரப்பினால் தளம் முழுக்க வேண்டும். வன்தட்டில் கிடக்கும் கோப்பு மூட்டை, நினைவகம் தளம். சேர்ப்ஸ் கோப்புகள் சுருக்கி அடைக்கப்பட்டவை. கடலுக்கு மேலுள்ள சதுரங்களில் மழை அளவே இல்லை, தரையிலும் பல நாட்கள் வெறும் பூச்சியம். அதனால் நன்றாகச் சுருங்கும். ஆனால் நினைவகத்தில் விரித்தால் ஒவ்வொரு சதுரத்துக்கும், வெறுமையாக இருந்தாலும், முழு இடம் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குறுக்கே 7,200 சதுரம், நெடுக்கே 2,000 சதுரம், மொத்தம் 14.4 மில்லியன். ஒவ்வொன்றுக்கும் 4 பைட். ஒரு நாளுக்கு 57.6 எம்பி. ஓர் ஆண்டுக்கு 21 ஜிபி! 1981 முதல் 2020 வரையான 40 வருடங்களில் 14,610 நாட்கள். எல்லாவற்றையும் விரித்தால் 841 ஜிபி வரும். இந்தக் கணக்குக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இரண்டு நிமிடமும் போதும். நான் அன்று போடவில்லை.

அன்றிரவு நான் செய்தது இதுதான். 2010, 2011 இரண்டு ஆண்டுகளையும் பைதனில் திறந்து, மதிப்புகளை முழுமையாக நினைவகத்துக்கு ஏற்றி, அதன் பிறகு இலங்கையை மட்டும் வெட்டியெடுத்துப் படம் வரையச் சொல்லியிருந்தேன். வேலை மெதுவாகப் போனது. நான் எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். படம் வந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

விடியச் சேர்வர் நிர்வாகியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அதே சேர்வரில் இன்னொரு மாணவருடைய வேலை இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்ததாம். முந்தின இரவு அது இடையில் செத்துவிட்டது. அவருடைய திரையில் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிச்சம். ஆய்வேடு ஒப்படைக்க அவருக்கு ஒன்பது நாட்கள்தான் இருந்தன. "அந்த நேரத்தில் நீங்கள் என்ன ஓடவிட்டீர்கள்?" என்று நிர்வாகி கேட்டிருந்தார்.

என்னுடைய வேலைக்கு ஒன்றும் நடக்கவில்லையே, அவருடையது எப்படிச் செத்தது என்பதுதான் முதலில் எனக்கு விளங்கவில்லை. நிர்வாகியும் நானும் தொலைபேசியில் இருந்தபடியே சேர்வரின் உட்குறிப்பேட்டைப் பார்த்தோம். அப்போதுதான் வெளித்தது.

லினக்ஸ் இயங்குதளத்தில் நினைவகம் முற்றாகத் தீர்ந்துபோனால் முழு இயந்திரமும் உறைந்துவிடாமல் காக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஓடும் வேலைகளில் ஒன்றைத் தெரிந்து, உடனே கொன்று, இடத்தை விடுவிக்கும். எதைக் கொல்வது என்று எப்படி முடிவு செய்கிறது? கடைசியாக வந்தவர் யார், யாருடைய பிழை என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை. பெரும்பாலும், அந்த நேரத்தில் ஆகக் கூடுதலாக நினைவகம் வைத்திருப்பது எது என்றே பார்க்கும். அந்தத் தம்பியின் வேலை 34 ஜிபி வைத்திருந்தது. என்னுடையது முதல் ஆண்டின் 21ஐ ஏற்றிவிட்டு இரண்டாவதை ஏற்றிக்கொண்டிருந்தது. 26 தொட்ட நேரம் சேர்வரில் ஒன்றும் மிச்சமில்லை. 34 பெரிது, 26 சிறிது. அவருடையதைக் கொன்றது. விடுபட்ட அந்த இடத்தில்தான் என் இரண்டாவது ஆண்டு ஏறி உட்கார்ந்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்ன படம் அப்படி வந்த படம்.

அவருக்குப் போன் எடுத்தேன். எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர். "தம்பி, நான்தான் அது" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பரவால்ல நானா, இடையில சேமிக்காம விட்டது என்ட பிழையும்தான்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பாரமாகத்தான் இருந்தது.

இனி, பழுது பார்க்கும் முறைக்கு வருகிறேன். நினைவகப் பிரச்சினை என்று ஒரே பெயரால் சொல்கிறோமே தவிர, தூரத்துச் சேர்வரில் படம் வரையும்போது அது வெவ்வேறு இடங்களில் வரும். எங்கே என்று கண்டுபிடிக்காமல் மருந்து கொடுப்பதில் பிரயோசனமில்லை. பைதன் 'மெமரி எரர்' என்று சொல்லி, எந்த வரியில் என்றும் காட்டி நின்றால் அது நல்ல செய்தி. கேட்ட இடம் கிடைக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்கிறது, வேறு யாருக்கும் கேடில்லை. 'கில்ட்' என்ற ஒரு சொல்லோடு முடிந்தால், அல்லது ஜூப்பிட்டர் குறிப்பேட்டில் கேர்னல் இறந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு வந்தால், வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். வெளியேறும் குறியீடு 137 என்று இருந்தால் சந்தேகம் வலுக்கும். 128உடன் 9ஐக் கூட்டினால் வருவது அது, 9 என்பது கொல்லும் சைகையின் இலக்கம். உறுதிப்படுத்த உட்குறிப்பேட்டை நிர்வாகியிடம் கேட்கலாம். உலாவியின் பக்கம் மட்டும் வெளிறிப்போய், சேர்வர் சும்மா இருந்தால், நிரம்பியது சேர்வரல்ல, உங்கள் மடியிலிருக்கும் கணினி.

இதை அறிய ஒரு சின்னப் பழக்கம் போதும். வேலையை ஓடவிடும்போது இன்னொரு முனையத்தைத் திறந்து 'டாப்' கட்டளையைப் போட்டு வையுங்கள். உங்கள் பெயருக்கு நேரே 'ரெஸ்' என்ற நிரலில் இருப்பதுதான் நீங்கள் உண்மையில் பிடித்திருக்கும் இடம். அது ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். 'ஃப்ரீ' கட்டளையைப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் 'ஃப்ரீ' என்றே ஒரு நிரலும், 'அவைலபிள்' என்று இன்னொன்றும் இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவதை. லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தில் அண்மையில் படித்த கோப்புகளைத் தேக்கி வைக்கும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். ஆதலால் முதல் நிரல் குறைவாக இருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வேலைகளை வரிசைப்படுத்தும் 'ஸ்லேர்ம்' போன்ற ஏற்பாடு உள்ள இடங்களில் இன்னொரு சிக்கல். 'ஃப்ரீ' முழு இயந்திரத்தின் கணக்கைக் காட்டும், உங்களுக்கு ஒதுக்கியது அதில் ஒரு பங்குதான். 200 ஜிபி இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், 16 தொட்டதும் வேலை செத்துப்போகும்.

சரி, என் பிழைக்கு என்ன பரிகாரம்? ஒரு வரியை இடம் மாற்றியது, அவ்வளவுதான். 'எக்ஸ்அரே' என்ற பைதன் கருவி கோப்பைத் திறந்தவுடன் எதையும் ஏற்றுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதுரம், எத்தனை நாள் என்ற விபரத்தை மட்டும் வாசித்து வைத்திருக்கும். மதிப்பைக் கேட்டால்தான் மூட்டையை அவிழ்க்கும். நான் முதலில் மதிப்பைக் கேட்டேன், பிறகு வெட்டினேன். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு கேட்டிருந்தால், தேவையான துண்டை மட்டும் எடுத்திருக்கும். இலங்கைக்குக் கிழக்கு நெடுங்கோடு 79.5 முதல் 82 வரை, வட அகலாங்கு 5.5 முதல் 10 வரை ஒரு பெட்டி போதும். குறுக்கே 50, நெடுக்கே 90, மொத்தம் 4,500 சதுரம். முழுத் தரவில் 3,200ல் ஒரு பங்கு! 40 வருடங்களுக்கும் சேர்த்து 263 எம்பி. என் பழைய மடிக்கணினியே தாங்கும். அந்தத் தம்பியின் இரண்டு நாளுக்கு விலை, இடம் மாறிக் கிடந்த ஒரு வரி.

வெட்டும்போது ஓர் எச்சரிக்கை. சில தரவுகளில் அகலாங்கு தெற்கிலிருந்து வடக்காக எழுதப்பட்டிருக்கும், சிலவற்றில் வடக்கிலிருந்து தெற்காக. சேர்ப்ஸின் நெட்சிடிஎஃப் கோப்பு முதல் வகை. ஐரோப்பாவின் ஈஆர்ஏ5 தரவு இரண்டாம் வகை. எல்லைகளை மாற்றிக் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, வெறும் துண்டு வரும். படமும் வெறுமையாக வரும். நினைவகம் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

ஏற்றுவதற்கு முன்பே எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எக்ஸ்அரேயிடம் கேட்கவும் முடியும். 'என்பைட்ஸ்' என்ற சொல்லுக்கு அது பைட் கணக்கில் பதில் தரும், ஒரு சதுரத்தைக் கூட விரிக்காமல். வந்த எண்ணை அப்படியே நம்பிவிடாமல் இரண்டு மூன்றால் பெருக்கிக்கொள்வது என் வழக்கம். ஏனென்றால் வேலை நடக்கும்போது பிரதிகள் உருவாகும். வெற்று மதிப்புகளை நீக்கினால் ஒரு பிரதி, அலகை மாற்றினால் இன்னொன்று. 4 பைட் எண்கள் சில செயல்களில் 8 பைட்டாக வீங்கும். முடிவில் மிஞ்சுவது சிறிதாக இருக்கலாம். வேலையைக் கொல்வது இடையில் வரும் உச்சம்.

படம் வரைவதிலும் தனிச் செலவு உண்டு. முழு உலகத்தின் ஒரே ஒரு நாளை 'மெட்பிளொட்லிப்'பில் சதுரம் சதுரமாக நிறந்தீட்டச் சொன்னால், தரவு 57.6 எம்பிதான். ஆனால் ஒவ்வொரு சதுரத்தின் நிறத்தையும் நான்கு எண்களாக, எண்ணுக்கு 8 பைட்டாக வைக்கும். அது மட்டும் 460 எம்பி. மூலைகளின் ஆள்கூறுகள் வேறு. சதுரங்கள் ஒரே அளவானவை என்றால், ஒரு புகைப்படம் மாதிரிப் பரப்பிக் காட்டும் 'இம்ஷோ' முறை எவ்வளவோ இலேசு.

அடுத்தது நான் செய்த இன்னொரு மடத்தனம். 40 வருடத்துக்கு மாதத்துக்கு ஒரு படம் என்று 480 படங்களை ஒரே சுற்றில் வரையவிட்டேன். ஒவ்வொன்றையும் கோப்பில் சேமித்தேன், ஆனால் மூடவில்லை. சேமித்த படம் போய்விட்டது என்பது என் நினைப்பு. போகவில்லை, எல்லாம் நினைவகத்தில் வரிசையாக நின்றன. 20ஐத் தாண்டியதும் கருவி ஓர் எச்சரிக்கை தரும். அதைச் சிவப்பு எழுத்துத்தானே என்று கடந்துவிட்டேன். சேமித்ததும் 'குளோஸ்' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஜூப்பிட்டர் குறிப்பேட்டில் இன்னொரு மறைவான பிடி இருக்கிறது. ஒரு கட்டத்தின் கடைசி வரியில் மாறியின் பெயரைத் தனியே எழுதிப் பார்த்தால், அந்த விடையைத் தன்னுடைய பட்டியலில் அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் மாறியை அழித்தாலும் இடம் விடுபடாது. கேர்னலை மீளத் தொடங்குவதே சுத்தமான வழி.

மடிக்கணினிப் பக்கத்துக்கு வருவோம். சுட்டியை வைத்தால் எண் காட்டும், இழுத்தால் பெரிதாகும் ஊடாட்டப் படங்கள் எல்லோருக்கும் விருப்பம். எனக்கும்தான். இலங்கைப் பெட்டியின் 4,500 சதுரங்களுக்கும் 14,610 நாட்களுக்கும் உள்ள மதிப்புகளை அப்படியே ஓர் ஊடாட்டப் படத்தில் போட்டால் என்ன நடக்கும்? 65.7 மில்லியன் எண்கள். பல கருவிகள் அவற்றை எழுத்தாக மாற்றி உலாவிக்கு அனுப்பும். எண்ணுக்கு எட்டு எழுத்து என்று வைத்தாலும் 500 எம்பிக்கு மேல். அது என் 4ஜி இணைப்பில் ஊர்ந்து வந்து, 8 ஜிபி மடிக்கணினியின் உலாவியில் விரிய வேண்டும். சேர்வர் 64 ஜிபி என்றாலும் 640 என்றாலும் இங்கே உதவாது. அந்தக் குறிப்பேட்டைச் சேமித்தும் விட்டால், அடுத்த நாள் திறக்கவே முடியாது.

என் திரையில் இருப்பதோ 1,920க்கு 1,080 புள்ளிகள், இரண்டு மில்லியனைச் சற்றுத் தாண்டும். 65 மில்லியன் எண்களை அனுப்பினாலும் கண் பார்க்கப்போவது அந்த இரண்டு மில்லியன் புள்ளிகளைத்தான். ஆகவே தரவு இருக்கும் இடத்திலேயே சுருக்கு, சுருக்கியதை வரை, வரைந்த படத்தை மட்டும் அனுப்பு. சேர்வரில் படத்தை ஒரு கோப்பாக எழுதினால் சில நூறு கேபி, கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். பல மில்லியன் புள்ளிகளைச் சேர்வரிலேயே படமாக்கித் தரும் 'டேட்டாஷேடர்' என்ற கருவியும் இந்த எண்ணத்தில் கட்டப்பட்டதுதான். நீங்கள் பெரிதாக்கும்போது அந்தப் பகுதியை மட்டும் அது திரும்ப வரையும்.

இந்த இடத்தில்தான் மாமா வருகிறார்.

நான் 40 வருடங்களையும் நான்கு பத்தாண்டுகளாகப் பிரித்து, மாதாமாதச் சராசரி எடுத்து, நான்கு கோடுகளாக வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். அழகான படம். நினைவகமும் ஒரு சொட்டுத்தான் செலவானது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதில பதினொண்டாம் ஆண்டு வெள்ளம் எங்க இரிக்கி?"

2011 தை மாத வெள்ளத்தை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மறந்தவர் யாருமில்லை. வெள்ளாமை தண்ணிக்கு அடியில் கிடந்தது. அதை என் படத்தில் காணவில்லை. மற்ற ஒன்பது தை மாதங்களோடு சேர்த்துப் பிசைந்து, கோட்டில் ஒரு சின்ன மேடாக்கி வைத்திருந்தேன். நினைவகத்துக்காகச் சுருக்கும்போது எதைச் சுருக்குகிறோம் என்பதை யாரும் எங்களுக்குக் கற்றுத் தருவதில்லை. சராசரி எடுத்தால் உச்சங்கள் மறையும். பத்தில் ஒன்றாகப் பொறுக்கினால், வெள்ளம் வந்த நாள் அந்த ஒன்றில் அகப்படாமலே போகலாம். ஆகக் கூடியதை எடுத்தால் வெள்ளம் நிற்கும், ஆனால் சாதாரண நாட்கள் காணாமற் போகும். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். மாமா கேட்டது கதிர் முற்றும் நேரத்து மழையைப் பற்றி. பத்தாண்டுக் கோடு அதற்குப் பதிலாக முடியாது.

திரும்பச் சேர்வருக்குப் போனேன். இந்த முறை கட்டளை கொடுப்பதற்கு முன் 'யூலிமிட்' என்ற கட்டளையால் எனக்கு நானே 8 ஜிபி வேலி போட்டேன். அந்தக் கட்டளை கிலோபைட்டில் கணக்குக் கேட்கும், எனவே 8,388,608 என்று கொடுக்க வேண்டும். வேலியைத் தாண்டினால் என் வேலை மட்டும் 'மெமரி எரர்' என்று நிற்கும், பக்கத்து வீட்டுச் சுவர் இடியாது. சில நிரல்கள் உண்மையில் பயன்படுத்தாத முகவரிகளையும் முற்கூட்டியே பிடித்து வைக்கும், அப்படியானால் வேலியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். பிறகு மாமாவின் வட்டையைச் சுற்றிய ஒன்பது சதுரங்களை மட்டும் வெட்டினேன். சராசரி பார்த்தது அந்த ஒன்பதுக்கும் இடையில் மாத்திரம், ஆண்டுகளுக்கு இடையில் இல்லை. ஒவ்வொரு வருடத்தின் தை மாத மழைக்கும் ஒரு தூண், 40 தூண்கள். அவற்றுக்குக் கீழே, அந்த மாதத்தில் ஆகக் கூடுதலாகப் பெய்த ஒரே நாளின் அளவு. ஒன்பது சதுரம் 40 வருடத்துக்கு, 4 பைட் கணக்கில், 526 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கலியாண அழைப்பிதழின் படத்தளவு!

ஓடவிடுவதற்கு முன் அந்தத் தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "நான் ஒன்று ஓடவிடப் போறன், அரை ஜிபிக்கு மேல போகாது. ஒங்கட எதும் ஓடுதா?" அவருடைய ஆய்வேடு ஒப்படைத்து முடிந்திருந்தது. ஒன்பது நாளில் நான்கு இரவு தூங்கவில்லை என்று பிறகொரு நாள் சொன்னார். இப்போது அவரும் பெரிய வேலை தொடங்கினால் எனக்குச் சொல்கிறார், எத்தனை ஜிபி, எத்தனை மணித்தியாலம் என்று.

புதுப் படத்தைத் தாளில் அச்சடித்து மாமாவிடம் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு தூணாக வருடத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். எடுப்பாக நின்ற ஒரு தூணில் விரல் நின்றது. கீழே பார்க்காமலே, "இது பதினொண்டு" என்றார். பிறகு கட்டையாக இருந்த தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எந்த வருடம் மழையில்லாமல் வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடித்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார். நான் பேனையை எடுத்துத் தூண்களுக்கு மேலே எழுதிக்கொண்டேன்.